குருதியின் விதையை எண்ணிய கதை

உழவர் விதைநெல்லைக் கோட்டையிலிருந்து எடுத்தவுடன் வயலில் இறைத்துவிடுவதில்லை. நூறு மணிகளை எண்ணி எடுத்து, ஈரச் சாக்கில் பொதிந்து வைத்து, சில நாள் கழித்துப் பிரித்துப் பார்க்கிறார். தொண்ணூறு முளைத்திருந்தால் விதை நல்லது. முப்பதுதான் முளைத்திருந்தால் வேறு விதை தேட வேண்டும். மணியைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அதனுள் உயிர் இருக்கிறதா இல்லையா என்பது புலப்படாது. முளையை எண்ணித்தான் முளைக்கும் திறனை அறிய முடியும். மாணவர்களே, இந்த எளிய முறையை நெஞ்சில் நிறுத்திக்கொள்ளுங்கள். நம் உடலில் குருதியை விளைவிக்கும் விதைகளை அறிவியலறிஞர்கள் எண்ணக் கற்றுக்கொண்டதும் இம்முறையினால்தான். அந்த எண்ணிக்கைக்கு வயலாகவும் தராசாகவும் அமைந்தது ஒரு சிறிய சோகை பிடித்த சுண்டெலி.

மனிதனின் குருதியிலுள்ள சிவப்பணு ஒன்றின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள். நாள்தோறும் அவற்றில் பெருந்தொகையானவை மடிகின்றன. அவற்றை ஈடுசெய்ய, நொடிக்குச் சுமார் 20 இலட்சம் புதிய சிவப்பணுக்கள் நம் உடலில் பிறக்க வேண்டியிருக்கிறது. இவை எங்கே பிறக்கின்றன என்ற வினாவுக்கு 1868ஆம் ஆண்டில் விடை கிடைத்தது. ஜெர்மனியில் எர்னஸ்ட் நியூமன் என்பவரும், இத்தாலியில் ஜூலியோ பிஸ்ஸொசெரோ என்பவரும், எலும்பின் உள்ளீடாகிய மஜ்ஜையே குருதியின் பிறப்பிடம் என்று தனித்தனியே கண்டறிந்தனர். சிவப்பணு, வெள்ளணு, தட்டணு எனப் பல வகைப்பட்ட குருதியணுக்கள் யாவும் ஒரே தாயணுவின் வழித்தோன்றல்களே என்று 1909ஆம் ஆண்டில் ருஷ்ய அறிஞர் அலெக்சாண்டர் மக்சிமோவ் உரைத்தார். அந்தத் தாயணுவையே இன்று குருத்தணு என்கிறோம். பனைக்கும் தென்னைக்கும் உச்சியிலுள்ள குருத்து எப்படியோ, குருதிக்கு இவ்வணு அப்படி. அது உள்ளவரை புதிய ஓலை பிறக்கும். அது பட்டுப்போனால் மரமே பட்டுப்போகும்.

மக்சிமோவ் கூறியது சிறந்த கருத்து. ஆனால் கருத்து வேறு, சான்று வேறு. மஜ்ஜையை நுண்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால் இலட்சக்கணக்கான அணுக்கள் தெரிகின்றன. அவற்றுள் குருத்தணு எது என்று சுட்டிக்காட்ட எவராலும் இயலவில்லை. மற்ற இளம் அணுக்களைப் போலவே அதுவும் தோன்றியது. சுட்டிக்காட்ட இயலாத ஒன்றை எண்ணுவது எங்ஙனம்? அரை நூற்றாண்டுக் காலம் இவ்வினா விடையின்றியே கிடந்தது.

விடைக்கான தூண்டுதல் ஒரு பெருந்துயரத்திலிருந்து வந்தது. 1945ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஹிரோஷிமா, நாகசாகி நகரங்களின்மேல் அணுகுண்டுகள் வீசப்பட்டன. வெடிப்பிலும் தீயிலும் மடியாமல் தப்பியவர்களிற் பலர், சில வாரங்களில் குருதி வற்றி, நோய் தொற்றி, இரத்தம் கசிந்து மாண்டனர். கதிர்வீச்சு அவர்களுடைய மஜ்ஜையை அழித்துவிட்டிருந்தது. இதற்கு மாற்று உண்டா என்று பல நாட்டு ஆராய்ச்சிக்கூடங்கள் தேடத் தொடங்கின. 1949ஆம் ஆண்டில் சிகாகோ நகரில் லியன் ஜேக்கப்சன் என்பார், சுண்டெலியின் மண்ணீரலை மட்டும் ஈயத்தால் மறைத்துவிட்டு உடல் முழுவதும் கதிர்வீச்சைச் செலுத்தினால், எலி பிழைத்துக்கொள்வதைக் காட்டினார். 1951ஆம் ஆண்டில் எகான் லாரென்ஸ் என்பவரும் அவருடைய தோழர்களும், கதிர்பட்ட விலங்கின் உடலில் மற்றொன்றின் மஜ்ஜையைச் செலுத்தி அதனைப் பிழைக்க வைத்தனர். பிழைக்க வைத்தது மஜ்ஜையிலுள்ள ஏதேனும் ஒரு சாறா, அல்லது உயிருள்ள அணுக்களா என்ற ஐயம் அப்பொழுதும் இருந்தது. இங்கிலாந்தில் ஹார்வெல் என்னுமிடத்தில் சார்லஸ் ஃபோர்டும் அவருடன் பணியாற்றியோரும், அடையாளம் காணத்தக்க குரோமோசோம் உடைய எலிகளின் மஜ்ஜையைப் பயன்படுத்தி, பிழைத்த எலியின் மஜ்ஜையில் பெருகியிருந்தவை கொடுக்கப்பட்ட அணுக்களே என்று 1956ஆம் ஆண்டில் நிலைநாட்டினர். விதை விழுந்து முளைக்கிறது என்பது உறுதியாயிற்று. எத்தனை விதை என்பது மட்டும் தெரியவில்லை.

கனடா நாட்டின் டொராண்டோ நகரில் புற்றுநோய் ஆராய்ச்சிக்கென ஒரு நிலையம் அந்நாளில் புதிதாகத் தொடங்கப்பட்டிருந்தது. அங்கே இருவர் சேர்ந்து உழைத்தனர். ஒருவர் எர்னஸ்ட் மெக்கல்லக். டொராண்டோவிலேயே பிறந்த மருத்துவர். மற்றவர் ஜேம்ஸ் டில். சஸ்காச்சுவான் மாநிலத்து உழவர் குடும்பத்தில் வளர்ந்து, இயற்பியல் கற்று, உயிரியலின்பால் வந்தவர். இவர்கள் சுண்டெலிகளின் மஜ்ஜையைக் கதிர்வீச்சால் அழித்து, நலமான எலியின் மஜ்ஜையணுக்களை வெவ்வேறு அளவாக எண்ணி நரம்பின் வழியே செலுத்தினர். பத்து நாட்கள் கழித்துப் பார்த்தபொழுது, அவ்வெலிகளின் மண்ணீரலின்மேல் சிறுசிறு முண்டுகள் புடைத்திருப்பதை மெக்கல்லக் கண்டார். வேறொருவராயின் அவற்றைப் பொருட்படுத்தாமலே விட்டிருக்கக்கூடும். இவரோ அம்முண்டுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். செலுத்திய அணுக்களின் தொகை இரட்டித்தால் முண்டுகளும் இரட்டித்தன, பாதியானால் பாதியாயின. ஏறத்தாழப் பதினாயிரம் மஜ்ஜையணுக்களுக்கு ஒரு முண்டு என்ற கணக்கு வெளிப்பட்டது. 1961ஆம் ஆண்டில் இருவரும் இதனை வெளியிட்டனர். கண்ணுக்குத் தெரியாத விதை, முளையால் எண்ணப்பட்டுவிட்டது.

எனினும் ஓர் ஐயம் எழலாம். வயலில் ஓரிடத்தில் கொத்தாக நாற்று முளைத்திருந்தால், அது ஒரே மணியிலிருந்து கிளைத்ததாகவும் இருக்கலாம். ஒரே குழியில் விழுந்த பல மணிகளிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். ஒரு முண்டு ஓர் அணுவின் வழித்தோன்றல்தானா? ஆண்ட்ரூ பெக்கர் என்னும் இளம் ஆராய்ச்சி மாணவர் இவ்வினாவை எடுத்துக்கொண்டார். மஜ்ஜையணுக்களைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தினால் சிலவற்றின் குரோமோசோம்கள் உடைந்து, வேறெங்கும் காணப்படாத தனி வடிவம் பெறும். அவ்வடிவம் அந்த அணுவின் சந்ததி முழுமைக்கும் அடையாளக்குறியாகும். அத்தகைய குறி தோன்றிய முண்டுகளில், பிரிந்துகொண்டிருந்த அணுக்கள் ஏறக்குறைய யாவும் அதே குறியைத் தாங்கியிருந்தன. ஒரு முண்டு என்பது ஒரு தாயின் மக்கள் என்பது 1963ஆம் ஆண்டில் இவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது. அதே ஆண்டில், லூயி சிமினோவிச் என்னும் அறிஞரும் சேர்ந்து செய்த ஆய்வில், ஒரு முண்டைக் கரைத்து வேறோர் எலிக்குச் செலுத்தினால் புதிய முண்டுகள் தோன்றுவதும் காணப்பட்டது. ஆகவே குருத்தணுவுக்கு இரண்டு இலக்கணங்கள் அமைந்தன. பல்வகைக் குருதியணுக்களை ஈனுவது ஒன்று. தன்னைப் போன்ற குருத்தணுவையும் ஈனுவது மற்றொன்று. இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் அது குருத்தணு ஆகாது.

இனி, கதையின் மற்றொரு கிளைக்கு வருவோம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், கடலோரத் தீவொன்றில், பார் ஹார்பர் என்னும் சிற்றூர் உள்ளது. சுண்டெலிகளின் மரபை ஆராய்வதற்கென்றே 1929ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஜாக்சன் ஆராய்ச்சிக்கூடம் அங்கே இருக்கிறது. 1947ஆம் ஆண்டு அக்டோபரில் அத்தீவில் மூண்ட காட்டுத்தீ, ஆராய்ச்சிக்கூடத்தையும் அதிலிருந்த எலிகளையும் எரித்தழித்தது. முன்னர் அங்கிருந்து எலிகளைப் பெற்றிருந்த ஆராய்ச்சியாளர்கள், அவற்றின் வழிவந்த எலிகளைத் திருப்பியனுப்பி உதவினர். அழிந்த எலிக் குலங்களை மீண்டும் உருவாக்கும் பெரும்பொறுப்பை ஏற்றவர் எலிசபெத் ரஸ்ஸல் என்னும் அம்மையார். அவர் நெடுங்காலம் ஆராய்ந்தவை, பிறவியிலேயே சோகை கொண்ட எலிகள்.

அவ்வெலிகளுள் இரு குலங்கள் நமக்கு இங்கே வேண்டியவை. ஒரு குலத்தில், குறையுள்ள மரபுக்கூறு தாய் தந்தை ஆகிய இருவருள் ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருந்தால், எலியின் உரோமத்தில் வெண்திட்டுகள் காணப்படும். ஆதலின் அவற்றை வெண்திட்டுக் குலம் என்போம். மற்றொரு குலத்தில், அவ்வாறு ஒருபுறமிருந்து மட்டும் குறை பெற்ற எலிகளின் உரோமம் எஃகு நிறத்தில் இருக்கும். அவற்றை எஃகுக் குலம் என்போம். இருபுறமிருந்தும் குறை பெற்று உயிர் தரித்த எலிகள், எந்தக் குலத்தினவாயினும், ஒன்றுபோலவே இருந்தன. வெள்ளை உரோமம், கரிய கண், மலட்டுத்தன்மை, கடுஞ்சோகை. சிவப்பணுக்கள் தொகையில் குறைந்தும், ஒவ்வொன்றும் அளவில் பெருத்தும் காணப்பட்டன. புறத்தோற்றத்தால் இரண்டையும் வேறுபடுத்துவது எளிதன்று. ஆனால் நோயின் வேர் ஒன்றுதானா?

பயிர் சோர்ந்து நின்றால், குறை விதையிலா நிலத்திலா என்று உழவர் கேட்பார். அறியும் வழியும் அவருக்குத் தெரியும். ஐயத்துக்குரிய விதையை நல்ல நிலத்தில் இட வேண்டும். நல்ல விதையை ஐயத்துக்குரிய நிலத்தில் இட வேண்டும். ரஸ்ஸல் அம்மையாரும் செல்டன் பெர்ன்ஸ்டீன் என்பவரும் 1959ஆம் ஆண்டில், வெண்திட்டுக் குலத்துச் சோகை எலிகளுக்கு நலமான எலியின் குருதியாக்கும் திசுவைச் செலுத்தினர். கதிர்வீச்சு ஏதும் கொடுக்காமலே அவை பற்றிக்கொண்டு வளர்ந்தன; சோகையும் தீர்ந்தது. 1964, 1965ஆம் ஆண்டுகளில் டொராண்டோ அறிஞர்கள் தங்கள் முண்டு எண்ணும் முறையை இவ்வெலிகளிடம் கையாண்டனர். இரண்டாம் ஆண்டு ஆய்வில் பார் ஹார்பர் அறிஞர்களும் பங்குகொண்டனர். விளைவு தெளிவாக இருந்தது. வெண்திட்டு எலியின் மஜ்ஜையை, கதிர்பட்ட நல்ல எலிக்குச் செலுத்தினால் கண்ணுக்குத் தெரியும் முண்டு தோன்றவில்லை. நல்ல மஜ்ஜையை வெண்திட்டு எலிக்குச் செலுத்தினால் முண்டுகள் தோன்றின. எஃகு எலியிலோ முற்றிலும் மாறான நிலை. அதன் மஜ்ஜை நல்ல எலியின் உடலில் நன்றாகவே முளைத்தது. நல்ல மஜ்ஜை அதன் உடலில் முளைக்கவில்லை. ஒன்றில் விதை பழுது. மற்றொன்றில் நிலம் பழுது. அதற்கும் மேலாக, சோகை பிடித்த எஃகு எலியின் மஜ்ஜையைக் கொண்டே, சோகை பிடித்த வெண்திட்டு எலியைக் குணப்படுத்தவும் முடிந்தது! ஒரு நோயாளி மற்றொரு நோயாளிக்கு மருந்தாயிற்று. தோற்றத்தால் ஒன்றாகத் தெரிந்த இரு நோய்கள், எண்ணிப் பார்த்தபொழுது இரண்டாகப் பிரிந்தன.

மாணவர்களே, இவ்விடத்தில்தான் சோகை எலி ஒரு தராசாக மாறுகிறது. முண்டு எண்ணும் முறையில் இரண்டு குறைகள் இருந்தன. மண்ணீரலைப் பார்க்க வேண்டுமாயின் எலியைக் கொல்ல வேண்டும். அன்றியும் பத்துப் பன்னிரண்டு நாட்களின் விளைவு மட்டுமே தெரியும். வெண்திட்டு எலியோ கதிர்வீச்சின்றியே பிறர் மஜ்ஜையை ஏற்கும், நெடுநாள் உயிரோடிருக்கும், அதன் குருதியில் ஒரு துளி எடுத்துப் பார்த்தாலே, சிவப்பணுக்களின் தொகை உயர்ந்ததா, அவற்றின் அளவு இயல்பு நிலைக்கு இறங்கியதா என்று மாதந்தோறும் அறியலாம். ஜாக்சன் கூடத்தைச் சேர்ந்த டேவிட் ஹாரிசன், இத்தகைய எலிகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக மஜ்ஜையை மாற்றிச் செலுத்தி, ஒரே மஜ்ஜையின் வழி 73 மாதங்கள் தொடர்ந்து இயல்பாகச் சிவப்பணுக்களை ஈன்றதை 1973ஆம் ஆண்டில் வெளியிட்டார். சுண்டெலியின் ஆயுளோ இரண்டு மூன்று ஆண்டுகள். எலி மூத்து மடிகிறது. அதன் குருதியின் விதையோ அதனினும் நெடுநாள் வாழவல்லது.

1982ஆம் ஆண்டில் டேன் பாக்ஸ் என்பவரும் அவருடைய துணைவர்களும் இத்தராசைக் கொண்டு நேரடியாக எண்ணிக்கையிலேயே இறங்கினர். மஜ்ஜையை மேன்மேலும் நீர்த்து, வெவ்வேறு சிறு அளவுகளில் வெண்திட்டு எலிகளுக்குச் செலுத்தினர். எத்தனை எலிகள் குணமடைந்தன, அக்குணம் எத்தனை காலம் நிலைத்தது என்னும் இரண்டையும் கணக்கிட்டனர். இம்முறையின் உட்பொருளைக் கணக்குப் பயிலும் மாணவர் எளிதில் உணரலாம். நூறு சட்டிகள்மேல் நூறு விதைகளை வாரி இறைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சட்டிக்கு ஒன்றாக ஒழுங்காக அவை விழமாட்டா. சிலவற்றில் இரண்டு விழும், சிலவற்றில் மூன்று விழும், ஏறத்தாழ 37 சட்டிகள் வெறுமையாகவே நிற்கும். ஆகவே எந்த அளவு மஜ்ஜையைச் செலுத்தும்பொழுது நூற்றுக்கு 37 எலிகள் குணமடையாமல் நிற்கின்றனவோ, அந்த அளவில் சராசரி ஒரு குருத்தணு இருக்கிறது என்று பொருள். குணமடைந்த எலிகளைப் போலவே குணமடையாத எலிகளும் கணக்குக்கு இன்றியமையாதவை. வெற்றுச் சட்டியும் பாடம் சொல்கிறது.

இங்ஙனம் நெடுங்காலத் திறனை அளக்கத் தொடங்கியபின், முன்னைய எண்ணிக்கையைத் திருத்த வேண்டியதாயிற்று. அதே 1982ஆம் ஆண்டில் வேறு சில ஆராய்ச்சியாளர், எட்டாம் நாளில் காணப்படும் முண்டுகளிற் பல பின்னர் மறைந்துவிடுவதையும், பன்னிரண்டாம் நாளில் காணப்படுபவை பெரும்பாலும் புதியவை என்பதையும் காட்டினர். முண்டுகளைத் தோற்றுவித்தவற்றுள் பெரும்பாலானவை, வாழ்நாள் முழுதும் குருதியூட்டும் மெய்யான குருத்தணுக்கள் அல்ல. அவற்றின் அடுத்த தலைமுறையினவே என்பது படிப்படியாகத் தெளிவாயிற்று. மெய்யான குருத்தணுக்கள் அவற்றினும் மிக அரியவை. மஜ்ஜையணுக்கள் ஓர் இலட்சத்துக்கு ஒன்று என்ற அளவிலேயே அவை மதிப்பிடப்படுகின்றன. இதனால் டில், மெக்கல்லக் இருவரின் பெருமை குன்றிவிடுமா? குன்றாது. அவர்கள் எண்ணியது பிழையன்று; எண்ணப்பட்டது எது என்பதே பின்னர் நுட்பமாக விளங்கியது. எண்ணத் துணிந்தவர் இல்லையேல் திருத்துவதற்கும் ஒன்று இருந்திராது.

விதை, நிலம் என்ற பாகுபாடு உவமையளவில் நின்றுவிடவில்லை. வெண்திட்டுக் குலத்தின் குறை கிட் என்னும் மரபுக்கூற்றில் உள்ளது என்று 1988ஆம் ஆண்டில் இரு ஆராய்ச்சிக் குழுக்கள் கண்டறிந்தன. அவற்றுள் ஒன்றுக்குத் தலைமை தாங்கிய ஆலன் பெர்ன்ஸ்டீன், ஜேம்ஸ் டில்லிடம் பயின்ற மாணவர். கிட் என்பது குருத்தணுவின் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதத்தை ஆக்கும் மரபுக்கூறு. அப்புரதத்தை ஒரு பூட்டு எனலாம். 1990ஆம் ஆண்டில், அப்பூட்டிற்குரிய சாவியாகிய மற்றொரு புரதம் கண்டறியப்பட்டது. அதனை ஆக்கும் மரபுக்கூறே எஃகுக் குலத்தில் பழுதடைந்திருந்தது. சாவியைச் சுரப்பவை குருத்தணுவைச் சூழ்ந்துள்ள அணுக்கள். அதாவது பூட்டு விதையில் இருக்கிறது, சாவி நிலத்தில் இருக்கிறது. கால் நூற்றாண்டுக்கு முன் முண்டுகளை எண்ணிச் சொன்ன தீர்ப்பை மூலக்கூற்றியல் எழுத்துக்கு எழுத்து உறுதிசெய்தது. மனிதருள்ளும், பிறவியிலேயே நெற்றியில் வெண்மயிரும் உடலில் வெண்திட்டும் அமையும் ஒரு நிலைக்கு இதே கிட் மரபுக்கூற்றின் மாறுதல் காரணமாகலாம் என்பது 1991ஆம் ஆண்டில் தெரியவந்தது.

இவ்வளவு எலிகளையும் எண்களையும் கொண்டு மனிதர்க்கு விளைந்த பயன் யாது? இரத்தப் புற்றுநோயாளிக்கு மஜ்ஜை மாற்றும் சிகிச்சையை வகுத்தளித்த டொனால் தாமஸ் என்னும் மருத்துவர் 1990ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். டில், மெக்கல்லக் இருவருக்கும் 2005ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது. மெக்கல்லக் 2011ஆம் ஆண்டில் மறைந்தார். இன்று ஒரு குழந்தைக்கோ முதியவருக்கோ குருத்தணுக்களைச் செலுத்துமுன் மருத்துவர் முதலிற் கேட்கும் வினா, எத்தனை என்பதே. மேற்பரப்பில் குறிப்பிட்டதோர் அடையாளப் புரதம் தாங்கிய அணுக்களை எண்ணி, நோயாளியின் எடையில் கிலோகிராமுக்கு 20 இலட்சமேனும் வேண்டும் என்று பொதுவாகக் கொள்கின்றனர். குறைந்தால் மஜ்ஜை பற்றிக்கொள்வது தாமதமாகும். அந்தத் தாமதத்தில் உயிரே போய்விடக்கூடும். ஆயினும் அந்த 20 இலட்சத்துள் மெய்யான குருத்தணுக்கள் மிகச் சிலவே. இன்றுங்கூட நாம் எண்ண விரும்புவது ஒன்று. எண்ண முடிவது அதனோடு சேர்ந்துவரும் மற்றொன்று.

மாணவர்களே, உங்கள் பாடநூலில் ஓர் எண்ணைக் காணும்பொழுது அதனை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடாதீர்கள். இதனை எவர் எண்ணினார், எதனை எண்ணினார், எங்ஙனம் எண்ணினார் என்று கேளுங்கள். அக்கேள்வியைத் தம்மையே கேட்டுக்கொண்டவர்களால்தான் மண்ணீரல்மேல் எழுந்த ஒரு சிறு முண்டு, மனிதனைச் சாவிலிருந்து மீட்கும் கல்வியாக வளர்ந்தது. அந்தக் கல்விக்குத் தம் உயிரைத் தந்தவை பேச்சற்ற சிற்றுயிர்கள் என்பதையும் நன்றியோடு நினைவிற் கொள்ளுங்கள்.